நீல மூடிகள்

வாலுவுக்கு அவளுடைய அப்பாவைப் புரிந்துகொள்ளவே முடியவில்லை.

அப்பா கால்பந்து வீரர். தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் கிளப்புக்காகத் தடுப்பாட்டம் ஆடுகிறார். பயிற்சி முடிந்து வந்ததும் பனிக்கட்டி போட்ட தொட்டிக்குள் உட்கார்ந்துகொள்வார். பற்கள் கிடுகிடுவென்று அடிக்கும்.

"அப்பா, இது மருந்தா, தண்டனையா?"

"ரெ... ரெ... ரெண்டும்தான்!"

நேற்று வாலுவின் பிறந்தநாள். கேக்கை எல்லோரும் வெளுத்துக்கட்டினார்கள். அப்பா தொடவில்லை. எல்லோர் முன்னாலும் பந்தா காட்டுகிறார் என்றுதான் வாலு நினைத்தாள். பிறகு தண்ணீர் குடிக்கப் போனபோது பார்த்தால், அப்பா தனியாக ஃபிரிட்ஜைத் திறந்து மிச்சமிருந்த கேக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பெருமூச்சு விட்டார். கதவைச் சாத்திவிட்டார்.

யாருமே பார்க்காதபோதும் சாப்பிடமாட்டாராமா? அந்தக் கேக் என்ன பாவம் செய்தது?

இன்று மைதானத்தில் தேர்வு. அடுத்த ஆண்டு அணியில் இருப்பது ஒரே ஓர் இடம். அது அப்பாவுக்கா, 'புயல்' என்று எல்லோரும் கூப்பிடும் இளம் வீரருக்கா?

உதவியாளருக்குக் காய்ச்சல். அதனால் பயிற்சியாளர் வாலுவைக் கூப்பிட்டார்.

"இந்தா, பாட்டில் மூடிங்க. நீலம் அப்பாவுக்கு, சிவப்பு புயலுக்கு. முதல் விசிலுக்கு ஓடுவாங்க, அடுத்த விசிலுக்கு நிப்பாங்க. கால் எங்க நிக்குதோ அங்க மூடியை வை. திரும்பத் திரும்ப ஓடுவாங்க. சரியா?"

"சரி சார்!"

முதல் ஓட்டத்தில் புயல் எங்கேயோ போய்விட்டார். அப்பா ரொம்பப் பின்னால் நின்றார்.

அடுத்த ஓட்டத்திலும் அப்பா அதே இடத்தில்தான் நின்றார். அதற்கடுத்ததிலும் அதே இடம். மூடிமேல் மூடி ஏறியது. 'ஐயையோ! அப்பா கொஞ்சம்கூட முன்னேறமாட்டேங்கிறாரே! நான்தான் தப்பா வைக்கிறேனா?' சிவப்பு மூடிகளை அவள் கவனிக்கவே இல்லை. கை தன்பாட்டுக்கு வைத்துக்கொண்டிருந்தது.

கடைசி ஓட்டம் முடிந்தது. பயிற்சியாளர் திரும்பி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வாலு நைசாகக் கடைசி நீல மூடியை ஒரு முழம் முன்னால் வைத்தாள். யாரும் பார்க்கவில்லை.

யாரும் பார்க்காத ஃபிரிட்ஜ் கதவு நினைவுக்கு வந்தது. சட்டென்று மூடியை எடுத்து, அப்பாவின் கால் நின்ற இடத்திலேயே வைத்தாள்.

பயிற்சியாளர் வந்தார். "என்ன இது, நீலம் மட்டும் குவிஞ்சு கிடக்கு?"

"சத்தியமா நான் சரியாத்தான் வச்சேன் சார்! அப்பா ஒவ்வொரு தடவையும் அங்கதான் நின்னார். எனக்கும் ஒண்ணும் புரியலை." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அழாதே. சிவப்பைப் பாரு."

வாலு பார்த்தாள். முதல் சிவப்பு மூடி வெகுதூரத்தில் இருந்தது. அடுத்தடுத்தவை கிட்டே கிட்டே வந்திருந்தன. கடைசி மூடி நீலக் குவியலுக்கும் பின்னால் கிடந்தது! புயல் புல்லில் மல்லாந்து கிடந்தார்.

"அண்ணே, உங்களுக்கு மூச்சே வாங்காதா?"

"வாங்குதுடா தம்பி. சத்தம் போடாம வாங்குது," என்றார் அப்பா.

பயிற்சியாளர் வாலுவிடம் குனிந்தார். "ஆட்டம் முடியப்போற நேரத்துல, எல்லாரும் களைச்சுப்போனப்ப, எனக்கு யாரு வேணும்?"

"நீல மூடி!"

"அவ்வளவுதான். அடுத்த வருஷமும் அப்பா ஆடுறார்."

வாலு குதித்த குதியில் மூடிகள் எல்லாம் சிதறின.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஃபிரிட்ஜைத் திறந்தார். நகக்கண் அளவு கேக்கைக் கிள்ளி வாயில் போட்டார். கண்ணை மூடி, "ஆஹா!" என்றார். கதவைச் சாத்திவிட்டுப் பனித்தொட்டிக்குப் போய்விட்டார்.

வாலு ஒரு பெரிய துண்டைப் புயல் அண்ணாவுக்கென்று எடுத்துவைத்தாள். நீல மூடி அவளுக்குப் புரிந்துவிட்டது. அவ்வளவு கேக்கை விட்டுவிட்டு ஒருவரால் எப்படித்தான் போக முடிகிறது என்பதுதான், மீதிக் கேக்கின் கடைசித் துண்டைத் தின்று முடித்த பிறகும், அவளுக்குப் புரியவே இல்லை.