செட்டிங்ஸ் உள்ளேயே இருக்கட்டும்

பீப்... பீப்... பீப்...

மேனேஜர் அறையில் மாதிரிக்கு வைத்திருந்த டிஜிட்டல் லாக்கர், யாரும் தொடாமலே வாயைப் பிளந்தது.

அடுத்த விநாடி, ஆபீஸில் இருந்த அத்தனை போன்களும் அலறின.

"சார், எங்க கடை லாக்கர் தானா தெறந்துக்கிச்சு..."

"எங்களுதும்..."

கம்பெனி விற்ற லாக்கர் ஒன்று பாக்கியில்லை. எல்லாம் திறந்து கிடந்தன.

போன மாதம் ஒரே ஒரு நகைக்கடையில் இப்படித் திறந்து, உள்ளே இருந்தது மொத்தமும் மாயமாகியிருந்தது. அதை விசாரிக்க வந்திருந்த இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார்.

மேனேஜரின் விரல் எதிரே நின்ற பெண்ணை நோக்கி நீண்டது. டை கட்டத் தெரிந்த அளவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாத மனிதர்.

"இவதான் சார் புரோகிராமர். சாஃப்ட்வேரை பேக் பண்ணி அனுப்புறது இவ. கூட்டிட்டுப் போங்க."

அவள் மேனேஜரை நேராகப் பார்த்தாள்.

"பேக் பண்ணது நான். அதுக்குள்ள செட்டிங்ஸைத் திணிக்கச் சொன்னது யாராம்?"

"அதென்னம்மா செட்டிங்ஸ்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எந்த லாக்கர் எப்பத் தெறக்கணும்கிற விவரம் சார். சாஃப்ட்வேர் எல்லாருக்கும் ஒண்ணுதான். செட்டிங்ஸ் அந்தந்த லாக்கர்ல தனியா இருந்துச்சு. போன வாரம் மேனேஜர் சார் மீட்டிங் போட்டு, எல்லாத்தையும் எல்லா லாக்கருக்கும் போற ஒரே பேக்கேஜுக்குள்ள வைன்னாரு. வேணாம்னேன். நச்சரிக்கிறேன்னு எனக்கு 'நச்சு'ன்னு பேர் வச்சாரு."

"இன்னிக்கு அதை மாத்தினது யாரு?"

அவள் மறைக்கவில்லை. "யார் எதை மாத்தினாங்கன்னு பதியற வெர்ஷன் கன்ட்ரோல்ல என் பேர்தான் சார் இருக்கு. நான் சாப்பிடப் போனப்ப என் மெஷின்ல யாரோ..."

"பேய் வந்து டைப் பண்ணிச்சாம்," என்று சிரித்தார் மேனேஜர்.

இன்ஸ்பெக்டர் அலுத்துக்கொண்டார். "கிளம்பும்மா. மத்ததை ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

"ஒரு நிமிஷம் சார். மாத்தினது ஒரே வரி. 'திற'ன்னு மட்டும் இருக்கு. செட்டிங்ஸ் உள்ளே இருக்கிறப்ப இது அத்தனை லாக்கருக்கும் போகும்னு எனக்குத் தெரியாதா? மத்தியானம் மூடியிருக்கிற ஏதோ ஒரு கடையை மட்டும் தெறக்க நெனச்சவன் செஞ்ச வேலை. வெளியே ஆளை நிறுத்திட்டு, போன மாசம் மாதிரியே இப்பவும் ஒண்ணுதான் தெறக்கும்னு நம்பியிருக்கான்."

"செட்டிங்ஸ் இடம் மாறினதே தெரியாத திருடனா?"

"மாத்தச் சொன்னவனுக்கே அது புரியலேன்னா?"

மேனேஜரின் சிரிப்பு பாதியில் நின்றது. "கற்பனைக்கும் ஒரு அளவு வேணாமா..."

அவருடைய செல்போன் ஒலித்தது. கட் பண்ணப் போன கையைப் பிடித்துக்கொண்டார் இன்ஸ்பெக்டர்.

"லாக்கர் புகாரா இருக்கும். நானும் கேக்கணும்." ஸ்பீக்கரைத் தட்டினார்.

மேனேஜரின் மனைவி.

"ஏங்க, கம்பெனியில கொடுத்த நம்ம வீட்டு லாக்கரும் தானா தெறந்துக்கிச்சுங்க. உள்ளே அத்தனை நெக்லஸ்லயும் அந்த நகைக்கடையோட விலைச் சீட்டு தொங்குது... எனக்குன்னு கொண்டு வந்தா அதைக் கிழிச்சிட்டுக் கொண்டு வர மாட்டீங்களா?"