வாழைமரத்தில் ஏறிய குரங்கு

வீட்டில் எல்லோரும் அவளை மூத்தவள் என்று அழைத்தாலும் அவளுக்கு வயது பத்துதான். போர்க்காலத்தில் ஜப்பானியர்கள் தாங்கள் கைப்பற்றிய நாடுகளில் புழங்கவிட்ட காகிதப் பணத்தை அவள் சேகரித்து வந்தாள். போர் முடிந்ததும் அந்தப் பணம் செல்லாமல் போயிற்று. ஆயினும், அவளுக்கு அதன்மேல் உயிர்.

வாழைமரப் படம் அச்சிட்ட நோட்டு அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் மாமா எங்கெங்கோ தேடிப் பிடித்துக் கொடுத்தது. மறுநாள் பள்ளிக் கண்காட்சியில் அதைத்தான் நடுவில் வைப்பதாக இருந்தாள்.

மாலையில் ஆல்பத்தைத் திறந்தவள் திகைத்துப்போனாள். வாழைமரத்தின்மேல் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. பென்சிலால் வரைந்த குரங்கு. வால் நோட்டின் ஓரம் வரைக்கும் நீண்டிருந்தது.

ஐந்து வயதுத் தம்பி கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"ஏன்டா இப்படிப் பண்ணினே?"

"நீதானேக்கா சொன்னே, இது செல்லாத காசு, வெறும் காகிதம்னு. அவ்வளவு பழம் இருக்கு, சாப்பிட ஆளே இல்லை. அதான்."

அந்த நோட்டுக்கு மிட்டாய் வாங்கப் போவதாக அவன் அடம்பிடித்தபோது, அப்படிச் சொல்லி மடக்கியவள் அவளேதான்.

அழிப்பானால் வால் நுனியை மெல்லத் தேய்த்துப் பார்த்தாள். பென்சில் கோட்டோடு பழைய காகிதமும் பொடியாக உதிர்ந்தது. இன்னும் தேய்த்தால் குரங்கோடு மரமும் போய்விடும். நிறுத்திக்கொண்டாள். கட்டிலுக்கு அடியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"வெளியே வா. நாளைக்கு நீயும் என்கூட வரணும்."

"என்னை அடிக்கவா?"

"இல்லைடா. குரங்கைப் பத்தி யாராவது கேட்டா எனக்கு என்ன தெரியும்?"

மறுநாள் அந்த நோட்டின் கீழே ஓர் அட்டை இருந்தது: 'நோட்டு, போர்க்காலத்தில் வந்தது. குரங்கு, நேற்று வந்தது.' ஆசிரியை அதை இரண்டு முறை படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு மற்ற ஆசிரியர்களையும் அழைத்து வந்தார். குரங்கு ஏன் ஏறியது என்று கேட்டவர்களுக்கெல்லாம் தம்பி பொறுமையாக விளக்கம் சொன்னான்.

கடைசியாக மாமா வந்தார். தம்பி அக்காவின் பின்னால் போய் நின்றான். மாமா நோட்டைக் குனிந்து பார்த்தார், அட்டையைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

"வேற நோட்டு ஒண்ணு கிடைக்கும்போல இருக்கு. கொண்டு வரட்டுமாம்மா?"

அவள் பதில் சொல்வதற்குள் தம்பி தலையை நீட்டினான்.

"அதுல என்ன மரம் மாமா?"

மூத்தவள் அவன் சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்துத் தன் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.