கட்டிலடி ரயில்

கட்டிலுக்கு அடியில் நுழைந்த ரயில் வெளியே வர நான்கு விநாடி பிடிக்கும். ஜெனட் அதைக் கடிகாரம் வைத்துப் பார்த்ததில்லை. மெத்தைமேல் கிடக்கும் உடம்புக்குத் தானாகவே பழகிப்போன கணக்கு அது. தலைமாட்டில் உள்ளே போகும், முதுகுக்குக் கீழே கர்ர் என்று உருளும், கால்மாட்டில் வெளியே வந்துவிடும். அந்தப் புதன்கிழமை மத்தியானம் சத்தம் முதுகைத் தாண்டியது, ஆனால் கால்மாட்டுக்கு வரவில்லை. நிற்கவும் இல்லை. நீளமான தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போய் மறைவதுபோலத் தேய்ந்துகொண்டே போனது. அவள் தூக்கக் கலக்கத்தில் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து அது மெல்லத் திரும்பி வந்தது.

"ட்ரெயின் வந்திடுச்சிம்மா" என்றான் ரையன்.

சுவரை ஒட்டிப் போட்ட ஐந்தடி அகலக் கட்டில் அது. அதற்கு அடியில் அவ்வளவு தூரம் ஏது? கனவாக இருக்கும் என்று புரண்டு படுத்துக்கொண்டாள்.

புக்கிட் ரம்பாயில் ஒரு கம்பெனியில் அவளுக்கு நைட் ஷிப்ட். காலை எட்டு மணிக்கு அவள் வீட்டுக்குள் நுழையும்போது கணவன் ஜூலியஸ் லாரியை எடுக்கக் கிளம்பிவிடுவான். இன்னும் நான்கு வயது நிறையாத ரையனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. அதனால் அறைக்கதவின் மேல்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் விளையாட விட்டுவிட்டு, ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவாள். பாதி தூக்கம், பாதி காவல். தூங்குகிற நேரத்தில் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்கிற பயம் இல்லாமல் அவள் ஒருநாளும் கண்ணை மூடியதில்லை.

ரயில் வந்த பிறகு அந்தப் பயம் கொஞ்சம் குறைந்திருந்தது. தஞ்சோங் கிளிங் பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கியது. நீல நிறப் பிளாஸ்டிக் தண்டவாளம், ஒரு எஞ்சின், மூன்று பெட்டி, ஒற்றை பேட்டரி. அறை சின்னது, அதனால் வட்டத்தின் பாதி கட்டிலுக்கு அடியில்தான் போயாக வேண்டும். சத்தம் ஓடிக்கொண்டிருந்தால் பிள்ளை அங்கேதான் இருக்கிறான் என்று அர்த்தம்.

மறுநாள் ரையன் கடைசிப் பெட்டியில் ஒரு பிஸ்கட்டை வைத்து அனுப்பினான். ரயில் உள்ளே போனது. தூரமாகப் போனது. திரும்பியபோது பெட்டி காலி.

"பிஸ்கட் எங்கய்யா?" என்று படுத்தபடியே கேட்டாள்.

"அவங்க சாப்ட்டாங்க."

"யாரு அவங்க?"

"உள்ள இருக்காங்களே, அவங்க."

ஜெனட்டுக்குச் சிரிப்பு வந்தது, பெருமையும் வந்தது. பிள்ளைக்கு மரியாதை பழக வேண்டும் என்று அவன் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவனை 'வாங்க, போங்க, சாப்பிடுங்க' என்றுதான் கூப்பிடுவாள். "என்னா ஜெனட், நம்ம வீட்ல டத்தோ பொறந்திருக்காரா?" என்று, பட்டம் வாங்கிய பெரிய மனிதரைச் சொல்வதுபோல ஜூலியஸ் கிண்டல் பண்ணுவான். இப்போது பாருங்கள், கற்பனையில் ஒரு ஆளை உண்டாக்கி, அந்த ஆளுக்கும் மரியாதை கொடுக்கிறான்.

"அவங்க பேரு என்னாய்யா?"

ரையன் யோசித்தான். "நெறைய பேரு."

அதுவும் சரிதான் என்று நினைத்தாள். அவனுக்கே கோயிலில் வைத்த பேர் ஒன்று, வீட்டுப் பேர் ஒன்று. ஜூலியஸுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"நல்லதுதானே லா," என்றான் அவன், லாரி இரைச்சலுக்கு நடுவே. "பிஸ்கட்ட மட்டும் கூட்டித் தள்ளிடு. எறும்பு வந்திடும்."

விளக்குமாறை விட்டுத் துழாவினாள். பிஸ்கட் இல்லை, தூளும் இல்லை. விளக்குமாற்றின் நுனி சுவரில் இடித்தது. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மழை. திரைச்சீலையை இழுத்துவிட்ட அறை மத்தியானத்திலும் மங்கலாக இருந்தது. இன்றைக்கு அந்தச் சத்தம் வேண்டாம் என்று தோன்றியது. எஞ்சினிலிருந்து பேட்டரியைக் கழற்றினாள்.

"ட்ரெயின் தூங்கட்டும். நீங்க கலர் அடிங்க."

ரையன் அழவில்லை. "அவங்க காத்திருப்பாங்கம்மா" என்று மட்டும் சொன்னான். பேட்டரியைக் கைக்குள் மூடிக்கொண்டு அவள் படுத்தாள். ஓட்டின்மேல் மழை ஒரே சீராகக் கொட்டியது. எப்போது தூங்கினாள் என்று தெரியாது.

முதலில் வந்தது வாடைதான். நனைந்த மண்ணும் துருவும் கலந்த வாடை, பல நாள் பூட்டிக்கிடந்த இடத்தைத் திறந்ததுபோல. அப்புறம் முதுகுக்குக் கீழே, ரொம்ப ரொம்பத் தூரத்தில், கர்ர்.

கையைத் திறந்தாள். பேட்டரி வியர்வையில் வழுக்கியது.

தரையில் கலர் பென்சில்கள். பாதி தீட்டிய படம்.

ரையன் இல்லை.

கதவின் மேல்தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. ஜன்னலில் கம்பி. அலமாரியைத் திறந்தாள். துணி. துணி மட்டும்.

கீழே பார்க்க வேண்டும். வேறு இடம் மிச்சமில்லை. மண்டியிட்டாள். குளிர்ந்த தரையில் கன்னத்தை வைத்தாள்.

சுவர் இல்லை.

நீலத் தண்டவாளம் நேராகப் போனது. கட்டிலைத் தாண்டி, பக்கத்து வீட்டைத் தாண்டி. போய்க்கொண்டே இருந்தது. இருட்டு. அங்கிருந்து காற்று வந்து அவள் இமையைத் தொட்டது.

"ரையன்!"

கர்ர்.

"ரையன்... அம்மாகிட்ட வாங்கய்யா. வாங்க. வாங்க!"

சத்தம் சட்டென்று நின்றது.

"வரோம்மா."

வரேன் இல்லை. வரோம்.

'அவங்க' என்று பிள்ளை மரியாதைக்குச் சொல்லவில்லை. ஒருநாளும் மரியாதைக்குச் சொல்லவில்லை. அவள்தான் தப்பாக எடுத்துக்கொண்டாள். இப்போது தன் வாயாலேயே கூப்பிட்டும் விட்டாள்.

இருட்டிலிருந்து ரையன் தவழ்ந்து வந்தான். முகமெல்லாம் தூசி. சிரித்தான். அவள் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கனத்தது. அவன் சட்டை பின்பக்கமாக விறைத்து நின்றது. இழுத்தாள். இன்னும் இழுத்தாள். தையல் பிரிந்தது, பிள்ளை நெஞ்சோடு வந்து விழுந்தான்.

தூக்கித் தோளில் போட்டாள். தாழ்ப்பாள். ஹால். முன்கதவு. எங்கே போகிறோம் என்று தெரியவில்லை. பிள்ளை கையில் இருக்கிறான், அது போதும். செருப்பில்லாமல் மழைக்குள் இறங்கி, கேட்டைத் தள்ளி, தெருவுக்கு வந்தாள்.

அங்கேதான் இடுப்புக்குப் பின்னால் நைட்டி இறுகியது.

ஒரு சின்னக் கை. பாலர் பள்ளிப் பிள்ளைகள் ரயில் விளையாடும்போது முன்னால் போகிறவளின் சட்டையைப் பிடித்துக்கொள்வதுபோல, கொத்தாக, இறுக்கமாக. அந்தக் கைக்குப் பின்னால் இன்னொரு இழுப்பு. அதற்கும் பின்னால் இன்னொன்று. ஒவ்வொன்றும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

தோளில் கிடந்த ரையன் பின்பக்கம் பார்த்துக் கையை ஆட்டினான். "நடங்கம்மா," என்றான். "நீங்கதான் எஞ்சின்."

எதிர்வீட்டுப் பிச்சைமுத்து அங்கிள் குடைபிடித்தபடி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். அவள் கூப்பிடுவதற்குள் அவர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்துச் சிரிக்கப் போனவர் நின்றார். கையிலிருந்த துணி தண்ணீரில் விழுந்தது. அவர் பார்வை அவள் முதுகுப் பக்கம் போனது, கேட்டுக்குப் போனது, அங்கிருந்து வாசற்படிக்கு, திறந்து கிடந்த கதவுக்கு. அவர் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன.

கதவையே பார்த்துக்கொண்டு, இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்.