நடுவில் நிற்க வேண்டிய குரல்

பாடுகிறவள் நடுவில் நிற்கவில்லை. ஒரு சாண் வலப்பக்கம் தள்ளி நின்றாள்.

எபினேசர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கண்ணை மூடி, அதே பாட்டை மறுபடி ஓடவிட்டான். ஸ்பீக்கர் இரண்டையும் சரியாக வைத்தால் குரல் இதிலிருந்தும் வராது, அதிலிருந்தும் வராது. இரண்டுக்கும் நடுவே, வெறும் சுவருக்கு முன்னால், ஆளே நின்று பாடுவதுபோல வரும் என்று நண்பன் சரவணகுமார் சொல்லியிருந்தான். சொன்னபடியே வந்தது. ஆனால் கூட்டமான பஸ்ஸில் யாரையோ இடிக்காமல் ஒதுங்கி நிற்கிற பெண்ணைப்போல, கொஞ்சம் விலகி நின்று பாடியது.

கண்ணைத் திறந்தான். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், இரும்பு பீரோ, மூடிய ஜன்னல். வேறொன்றும் இல்லை. மணி மூன்றரை. காலை நாலரைக்கு எழுந்து ஷிப்டுக்குப் போய்த் திரும்பிய உடம்பு படு, படு என்று கெஞ்சியது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கியர்பாக்ஸ் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினாலு வருஷமாக அவனுக்கு வேலையே கேட்பதுதான். முடிந்த கியர்பாக்ஸை மேடையில் ஏற்றிச் சுழலவிடுவார்கள். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டு, பல் கடிக்கிறதா, பேரிங் முனகுகிறதா என்று சொல்வான். சரி என்றால் பச்சை ஸ்டிக்கர். ஒரு நாளைக்கு இருநூறு முனகல். போன வருஷக் காது பரிசோதனையில் இடது காது கொஞ்சம் இறங்கியிருப்பதாக எழுதிவிட்டார்கள். இந்த வருஷமும் இறங்கினால் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவோம் என்று அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார். பரிசோதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. காது போவதற்குள் ஒரு நல்ல சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும் என்றுதான், யாரோ கழித்துப்போட்ட அந்தப் பழைய ஸ்பீக்கர் ஜோடியைச் சென்னைக்குப் போய்த் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

அன்று சாயங்காலமே சரவணகுமாருக்குப் போன் போட்டான். அவன் அதே கம்பெனியில் எலக்ட்ரீசியன். கல்யாண வீடுகளுக்கு மைக்செட் கட்டப் போகிறவன்.

"சின்ன ரூமு இல்ல எபி, அப்டித்தான் இருக்கும். மூலைல வச்சிருக்கியா? வெளிய இஸ்து வை. ரெண்டும் சுவத்துலேர்ந்து ஒரே தூரம் இருக்கணும். அப்புறம் கையத் தட்டிப் பாரு. டிர்ர்ருன்னு இழுத்துச்சுன்னா சுவரு பேசுதுன்னு அர்த்தம். துணி கினி மாட்டி அதுங்க வாய மூடு."

மறுநாள் டேப்பு வைத்து அளந்தான். பத்தடிக்கு ஒன்பதடி அறை. ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்தான். கட்டிலை ஓரம் தள்ளிவிட்டு ஒரு நாற்காலியைப் போட்டான். கை தட்டினான். தகரத்தில் பட்டாணி கொட்டியதுபோல ஒரு நடுக்கம் சுவருக்குச் சுவர் ஓடியது. மனைவி ஷைனியின் பழைய புடவைகளை மடித்துச் சுவரில் ஆணியடித்து மாட்டினான். போதவில்லை. பரணிலிருந்த ரஜாய்களை, கனத்த பஞ்சுப் போர்வைகளை, இறக்கினான்.

கூடத்தில் தையல் மிஷினை நிறுத்திவிட்டு ஷைனி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாங்க இது, ஊடா, குடோனா?"

"நாலு நாளு பொறுத்துக்க. சரியா வந்துட்டா கழட்டிடுறேன்."

"தூங்கி எத்தினி நாளாச்சு? உங்க மூஞ்சிய கண்ணாடில பாத்தீங்களா? பாட்டு கேக்குறதுக்கு இவ்ளோ பேஜாரா?"

அவன் அடுத்த ஆணியைத் தேடினான். காதைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

ரஜாய்கள் ஏறின பிறகு அறை மாறியது. கதவைச் சாத்தியதும் தெருவின் சத்தம் கழுத்தை நெரித்ததுபோல அடங்கியது. பழம்பஞ்சின் நெடி, வியர்வை, ஜன்னல் இடுக்கில் எப்போதும் கசியும் உருக்காலைப் புகையின் இரும்பு வாசனை, எல்லாம் ஓர் அடுக்காகத் தேங்கி நின்றன. பாட்டைப் போட்டான். தம்புராவின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக, எண்ணிவிடலாம்போலக் கேட்டது. பாடுகிறவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

இடதுபக்கம் மட்டும் ஏதோ மங்கியிருந்தது.

குரல் ஏன் விலகி நின்றது என்று அப்போது புரிந்தது. இடது ஸ்பீக்கரின் கூர்மையான சத்தங்கள், ஜால்ராவின் நுனி, வார்த்தைகளில் வரும் 'ச', 'ஸ', முழுதாக வந்து சேரவில்லை. ஒயரைக் கழற்றி மாட்டினான். இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றி வைத்தான். வலப்பக்கம் போன ஸ்பீக்கர் பளிச்சென்று பாடியது. இடப்பக்கம் வந்தது மங்கியது.

அப்படியானால் ஸ்பீக்கரில் குறை இல்லை. ஒன்று அறை, இல்லையென்றால் காது.

கண்டுபிடிப்பது எளிது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். மங்கல் வலது காதுக்கு மாறினால் அறை. இடது காதிலேயே இருந்தால் காது. ஒரு நிமிஷ வேலை.

அதை மட்டும் அவன் செய்யவில்லை. இன்னொரு ரஜாய் மாட்டினான்.

அடுத்த வாரம் முழுக்க அப்படியே போனது. இரண்டு மணிக்கு ஷிப்டு முடியும், மூன்று மணிக்கு வீடு, சோறு, கதவைச் சாத்தல். மாட்டிய ஒவ்வொரு துணிக்கும் மங்கல் குறையவில்லை, தெளிவானது. ஓரம் தெரிகிற அளவுக்குத் தெளிவானது. தலையை ஓர் அங்குலம் இப்படி நகர்த்தினால் ஜால்ரா பளிச்சிடும், அப்படி நகர்த்தினால் மறையும். கம்பெனியில் ஓடுகிற மிஷினுக்கும் அவனுக்கும் நடுவே யாராவது குறுக்கே போனால் இப்படித்தான் இருக்கும். திரும்பிப் பார்க்காமலே ஆள் பருமனா ஒல்லியா என்று சொல்லிவிடுவான். அந்தப் பழக்கம் இங்கேயும் தானாகக் கணக்குப் போட்டது. மேலே குறுகல். கீழே அகலம். தோள் அகலம்.

காதுதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். களைத்த காது.

செவ்வாய்க்கிழமை அது இடது ஸ்பீக்கருக்கு ஒட்டினாற்போல இருந்தது. வியாழக்கிழமை ஓர் அடி முன்னால். சனிக்கிழமை அவன் ஒரு முழுப் பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டான். பாட்டு தொடங்கும்போது இடதுபக்கம் மட்டும் மங்கியிருந்தது. முடியும்போது பாடுகிறவளே மங்கியிருந்தாள், தலையணைக்குப் பின்னாலிருந்து பாடுவதுபோல.

அது நடுவுக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் சரவணகுமாரை வரச் சொன்னான். ஷைனி கூடத்தில் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். சரவணகுமார் அறையைச் சுற்றிப் பார்த்து விசிலடித்தான்.

"இன்னாபா, ஸ்டுடியோவே கட்டிட்ட! கையத் தட்டுனாகூட ஒரு இழுப்பு இல்லியே."

"உக்காந்து கேளு. எது தப்புன்னு நீயே சொல்லு."

சரவணகுமார் நாற்காலியில் உட்கார்ந்தான். எபினேசர் பாட்டைப் போட்டுவிட்டு அவனுக்குப் பின்னால் போய்க் கதவில் சாய்ந்து நின்றான். நண்பனின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தான். தம்புரா. மூச்சு. குரல். சரவணகுமாரின் கண்கள் மூடியிருப்பது கன்னத்தின் தளர்விலேயே தெரிந்தது. அரை நிமிஷம் கழித்து அவன் தலையை இடப்பக்கம் சாய்த்தான். பிறகு வலப்பக்கம். கையைத் தூக்கி ஈ ஓட்டுவதுபோல முன்னால் அசைத்தான்.

"தள்ளி நில்லு எபி. மறைக்கிற."

எபினேசர் கதவோடு இன்னும் ஒட்டி நின்றான்.

"டேய், உன்னத்தான். ஸ்பீக்கருக்குக் குறுக்க நின்னுகினா எப்டி கேக்கும்?"

"நான் இங்க கதவாண்ட இருக்குறேன்."

சரவணகுமார் கண்ணைத் திறந்தான். முன்னால் பார்த்தான். பிறகு திரும்பி, கதவோரம் நின்றவனைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். எழுந்தபோது நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வராமல் அதன்மேல் காலை வைத்துத் தாண்டி வந்தான். ஷைனி வைத்த டீயைத் தொடவில்லை. மாமியார் ஊருக்குப் போகணும், பள்ளிப்பட்டுக்கு, மறந்தே போய்ட்டேன் என்று எதையோ சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினான். வண்டி தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டது.

எபினேசருக்கு முதலில் வந்தது பயமில்லை. நிம்மதி. காது இல்லை. என் காதில் ஒன்றுமில்லை. பேக்கிங்குக்குப் போக வேண்டாம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தன்னையறியாமல் கொஞ்சம் சிரித்தான்.

பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கதவிலிருந்து கேட்கும்போதும் மங்கலாகத்தான் இருந்தது.

சிரிப்பு நின்றது.

உள்ளே போய் சுவிட்சை அணைத்தான். சுவர் பேசாத அறை. அதில் மௌனம் பஞ்சு மூட்டைபோல இறங்கியது. அவன் மூச்சு அவனுக்கே பெரிதாகக் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே தூரத்தில், ஆரம்பாக்கம் பக்கமிருந்து ஒரு சரக்கு ரயில் தண்டவாளத்தைத் தட்டிக்கொண்டு வந்தது. இரண்டு காதிலும் கேட்டது. பிறகு இடது காதில் மங்கியது. பிறகு வலது காதில்.

ஜன்னலுக்கும் அவனுக்கும் நடுவில்.

ஓடவில்லை. ஓடுகிற உடம்பில்லை அது. பின்னோக்கியே நடந்து கூடத்துக்கு வந்தான். வந்ததும் எல்லாம் திரும்பியது. மிஷினின் கடகட, குக்கரின் சீற்றம், பக்கத்து வீட்டு டிவி. அத்தனையும் கூர்மை. தண்ணீர் குடித்தான்.

"இன்னா ஆச்சு அவருக்கு? டீ கூடக் குடிக்காம போய்ட்டாரு?" என்றாள் ஷைனி. ஒவ்வோர் எழுத்தும் சுத்தமாகக் கேட்டது.

"ஒண்ணுமில்ல. சாப்புட்டுட்டு அந்தத் துணியெல்லாம் கழட்டிடலாம். இன்னிக்கி கூடத்துலியே படுத்துக்கலாம்."

"அப்பா! இப்பவாவது புத்தி வந்துச்சே. நானே கழட்டுறேன், நீங்க உக்காருங்க."

அவன் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

"ஷைனி, வேணாம். வா."

திறந்த கதவு வழியே அவளைப் பார்த்தான். பகல் வெளிச்சம். கட்டிலருகே நின்று ரஜாயின் ஆணியைத் தேடிக்கொண்டிருந்தாள். எட்டடி தூரம். நடுவில் ஒன்றுமில்லை. ஒரு நாற்காலி. ஒன்றுமில்லை.

அவள் திரும்பி ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. சத்தம் வந்தது. தலையணைக்குப் பின்னாலிருந்து.

ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்தான். குரல் தெளிந்தது: "...சுத்தியல எங்க வச்..." பிறகு மங்கியது.

வலப்பக்கம் நகர்ந்தான். அதுவும் நகர்ந்தது.

"வெளிய வா ஷைனி!" கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். அந்தக் கத்தல் அவனைவிட்டு இரண்டடி போய், எதிலோ மோதி, அமுங்கி நின்றது.

ஷைனி காதுக்குப் பின்னால் கையைக் குவித்தாள். கேட்கவில்லை என்று தலையாட்டினாள்.

பிறகு அவள் முகம் சுருங்கியது. கழுத்தை ஒருபக்கம் சாய்த்தாள். இன்னும் சாய்த்தாள். பிறகு மறுபக்கம். தேர்த் திருவிழாவில் முன்னால் நிற்கிற ஆளின் தோளைத் தாண்டி எட்டிப் பார்ப்பதுபோல, குதிகாலைத் தூக்கி, அவன் முகம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள்.