ஆடியில் அளந்த சாலை

நாகப்பட்டினம் கடற்கரையில் தொடங்கிக் கோயம்புத்தூர் மலையடிவாரம் வரை போகவிருக்கும் பெருவழி எந்தெந்த ஊரைத் தின்னப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் காரைவலசில் எல்லாரும் தங்கள் வீட்டைக் காதலிக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

விசைத்தறிக்காரர்கள் வேலைக்குக் கிளம்புமுன் சுவரைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். மேற்கு வீதி ராகவேந்தர் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து அவர் மனைவியே தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு காலத்தில் சாலை போடுவதற்கு நிலத்தை அளந்தார்கள். இப்போது மனிதர்களை அளக்கிறார்கள். எந்த ஊரை இடித்தால் குறைவாக வலிக்குமோ அந்த ஊர் வழியாகத்தான் சாலை போக வேண்டும் என்பது சட்டம். அது வந்த நாளில் மாநிலமே கைதட்டியது. பணக்காரன் தோட்டத்தைச் சுற்றிவிட்டு ஏழை வீட்டுக்குள் வளைகிற சாலைகள் இனி இல்லை என்று எழுதினார்கள்.

அளக்கும் கருவிக்குப் பற்றுமானி என்று பெயர். மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, கண்ணில் முன்காட்டிக் கண்ணாடியை மாட்டிவிடுவார்கள். கண்ணாடிக்குள் உங்கள் வீடு உங்கள் முன்னாலேயே இடிந்து விழும். உடம்பு எவ்வளவு பதறுகிறதோ அதுதான் உங்கள் பற்றளவு. நடிப்பு எடுபடாது. மனம் வேறு எதையாவது நினைத்துப் பதறினால் அந்தப் பதற்றத்தைக் கருவி தள்ளிவிடும். ஊரில் இருக்கும் அத்தனை பேரின் அளவையும் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். சராசரி தாழ்ந்த ஊர்களைக் கோத்துக்கொண்டு சாலை ஓடும்.

அந்தச் சராசரி என்ற ஒரு சொல்தான் நிறைமதியின் வாழ்க்கையில் வந்து விழுந்தது.

ஊர்க்கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த அவள் மாமியார் கீர்த்தனா, செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"அம்மணி, பொட்டியக் கட்டு. நாளைக்கு உன்ற அப்பா வந்து கூட்டிட்டுப் போவாரு. போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

நிறைமதி அடுப்பை அணைத்தாள். "எதுக்குங்க அத்தை?"

"ஆடி பொறக்குதல்ல? ஆடி அழைப்பு."

"அது புதுப்பொண்ணுக்குத்தானுங்க. எனக்குக் கல்யாணமாகி நாலு வருசமாச்சு."

"இந்த ஊர்ல பொறக்காதவ எல்லாம் புதுப்பொண்ணுதான்னு கூட்டத்துல முடிவாயிருச்சு. மருமகளுக அத்தனை பேரும் அளவெடுப்பு முடியற வரைக்கும் பொறந்த வூட்டுல இருக்கோணும். அளவெடுக்கற நேரத்துல ஆள வெளிய அனுப்புனா குத்தம்னு சட்டம் இருக்குது. ஆடிக்குப் போனா கேக்க முடியாது. வழக்கத்துக்கு விலக்கு உண்டு."

சாலைத் துறை தன் வசதிக்கு ஆடி மாதத்தில் ஆட்களை அனுப்பியது. ஊர் தன் வசதிக்கு அந்த மாதத்தைப் பிடித்துக்கொண்டது.

"என்னையும் அளந்து பாக்கட்டுங்களே, அத்தை. எனக்கு இந்த வூட்டு மேல…"

"ஒருக்கா அளந்தா அளந்ததுதான். மறுபடி அளக்க மாட்டாங்க. நீ கம்மியா வந்து தொலைச்சு ஊரே போச்சுன்னா, நாளைக்கு யாரு மூஞ்சில நீ முழிப்ப?" கீர்த்தனா தண்ணீர் குடித்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு தொடர்ந்தாள். "நான் ஒண்ணும் உன்னக் குத்தம் சொல்லல கண்ணு. உன்ற அம்மா போன் பண்ணுனா உனக்குக் கண்ணு கலங்கும். இந்த வூட்டுக்காக நீ கலங்கி நான் பாத்ததில்ல. அவ்வளவுதான்."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்த கணவன் பரிதியிடம் நிறைமதி முறையிட்டாள். "மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க."

பரிதி நல்லவன். அவள் தலைவலி என்றால் அவன் முகம் வாடும். ஆனால் ஊரும் அம்மாவும் ஒரே பக்கம் நின்றால் அவனுக்கு நாக்கு எழாது.

"ஒரு மாசந்தானே நிறை. வூடு நெலச்சா அதுல நீயும் நானுந்தானே இருக்கப்போறோம்?" என்றவன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "நெசமாச் சொல்லு. இது போனா உனக்கு எவ்வளவு வலிக்கும்?"

அவள் யோசித்தாள். சமையல் மேடை அவளுக்கு உயரமாக இருந்தது. சண்டை போட்டு அதை அரை அடி இறக்கிக் கட்ட வைத்திருந்தாள். அவன் வண்டி திரும்பும் முக்கு தெரிய வேண்டும் என்று மேற்குச் சுவரில் ஒரு சன்னல் வைக்கச் செய்திருந்தாள். குளியலறைத் தண்ணீர் போகும் இடத்தில் அவள் நட்ட வாழை இரண்டாவது குலை தள்ளியிருந்தது. ஊரே பாட்டன் முப்பாட்டன் என்று பேசிக்கொண்டிருக்கும்போது, மேடை, சன்னல், வாழை என்று எப்படிச் சொல்வது? சிறுபிள்ளைத்தனமாக இருக்கும்.

"தெரியலீங்க" என்றாள்.

பரிதி மெல்லக் கையை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் அப்பாவோடு பிறந்த ஊரான புங்கம்பாளையத்தில் இறங்கியபோது, அதே நிறுத்தத்தில் பெட்டியோடு நின்றிருந்தாள் அண்ணி ஓவியா.

"நீங்க எங்கீங்க அண்ணி?"

"எனக்கும் ஆடிதான்" என்று ஓவியா சிரித்தாள். "உன்ற அம்மா நேத்தே தேங்கா பழம் வச்சுக் குடுத்துட்டாங்க. வெளிய அனுப்பறதுல இத்தன மரியாதை நான் பாத்ததேயில்ல."

"அண்ணன் ஒண்ணும் சொல்லலீங்களா?"

"சொன்னாரே. சார்ஜர மறந்துறாதேன்னு."

அப்பா தர்மசங்கடத்தோடு தள்ளிப் போய் நின்றார். ஓவியாவின் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "அங்க போனா எங்கம்மா எங்க அண்ணிய அனுப்பிட்டு எனக்காகக் காத்திட்டு இருப்பாங்க. வழி நெடுக இதே கூத்துதான், நிறை. பஸ்ல பாத்தியா? பூரா பொட்டி, பூரா பொம்பளைங்க."

நிறைமதி பார்த்திருந்தாள். கைக்குழந்தையோடு ஒருத்தி, கல்யாண வயதில் மகளை வைத்திருந்த இன்னொருத்தி. எல்லாருக்கும் ஆடி.

அம்மா வாசலிலேயே கட்டிக்கொண்டாள். "வந்தவ போய்ட்டா, பொறந்தவ வந்துட்டா. இனி நம்ம வூட்டு அளவு தானா ஏறும் பாரு. இருபத்தஞ்சு வருசம் இந்த மண்ணுல உருண்டவ நீ. உனக்குப் பதறாம வேற யாருக்குப் பதறும்?"

அப்போதுதான் நிறைமதிக்குக் கணக்கு புரிந்தது. அங்கே அவள் குறைக்கிறவள். இங்கே அவள் ஏற்றித் தர வேண்டியவள்.

அவள் அறை அண்ணனின் உடற்பயிற்சி அறையாகியிருந்தது. எடைத்தூக்கிக் கம்பிகளுக்கு நடுவே பாய் விரித்துக் கொடுத்தார்கள். அவளும் மனதார முயன்றாள். ஒவ்வொரு நாளும் கிணற்றடிக்குப் போனாள், பள்ளிக்கூடத்து மதிலைப் பார்த்தாள், சின்ன வயதுப் படங்களை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தாள். எல்லாம் அழகாக இருந்தன. யாரோ ஒரு தோழியின் வீட்டைப் போல.

அளவெடுக்க வந்த பெண் சின்ன வயதுக்காரி, மரியாதையானவள். பட்டையைக் கட்டி, கண்ணாடியை மாட்டினாள். நிறைமதியின் கண்ணெதிரே கூரை சரிந்தது. வாசல் நடை பிளந்தது. அவள் அறையின் சுவர் விழுந்தபோது, அது ஏற்கனவே போய்விட்டதே என்று மட்டும் தோன்றியது.

பதறு, பதறு என்று தன்னையே கெஞ்சினாள். கெஞ்சக் கெஞ்ச, மேற்குச் சன்னல் நினைவுக்கு வந்தது. இதே மாதிரி அதுவும் விழுமோ என்று நினைத்த மாத்திரத்தில் கை நடுங்கிற்று, நெஞ்சு அடைத்தது, கண்ணாடிக்குள் கண்ணீர் கட்டியது.

அம்மா பூரித்துப்போனாள். "பாருங்க, எப்படி நடுங்கறான்னு!"

அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள். "அக்கா, இந்த வீட்டைப் பாருங்க. உங்க மனசு வேற ஏதோ வீட்டுல இருக்குது. அதையெல்லாம் இது எடுத்துக்காதுங்க."

அம்மா இரண்டடி பின்னால் போனாள். அன்றிலிருந்து நிறைமதியிடம் அவள் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

ஆவணியில் தடம் வெளியானது. காரைவலசு போனது. புங்கம்பாளையமும் போனது. சாலை வரைபடத்தில் நேராக ஓடவில்லை. கிழக்கே டெல்டாவிலிருந்து மேற்கே மலைவரைக்கும் ஊர் ஊராக வளைந்து நெளிந்து வந்தது. பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கோட்டைப் படித்துவிடலாம். சம்பந்தம் பேசப் போகிற வழி அது.

முறையீடு கேட்க வந்த பொறியாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. கீர்த்தனா, பரிதி, நிறைமதி மூவரும் அவர் எதிரே உட்கார்ந்தார்கள்.

"உங்க ஊரு மயிரிழையிலதான் தவறியிருக்குதுங்க" என்றார் அவர். "மருமகள்கள் வீட்டுல இருந்திருந்தா தப்பிச்சிருக்கும். ஆடி அழைப்பு வழக்கமில்லாத ஊர்கள்ல பாத்தோம். எல்லாரையும் விட அதிகமாப் பதறினவங்க வந்த பொண்ணுங்கதான். பொறந்தவங்களுக்கு வீடு சும்மா கிடைச்சது. இவங்க ஒவ்வொரு செங்கல்லா வாதாடி வாங்கினவங்க."

கீர்த்தனா நிறைமதியின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "அப்ப இவள இப்ப அளந்து சேத்துக்கங்க! இந்தா உக்காந்திருக்காள்ல?"

"அவங்கள அளந்தாச்சுங்களே, அம்மா. அடுத்த ஊர்ல."

வெளியே வரும்போது பரிதி மனைவியின் காதருகே முணுமுணுத்தான். "நம்ம வூட்டுலயே கம்மி யாருக்குத் தெரியுமா? அம்மாவுக்குத்தான். வூடு இடியறதப் பாக்கையில அவங்களுக்கு மூச்சே சீராயிருச்சாமா."

முன்னால் நடந்த மாமியாரின் முதுகை நிறைமதி பார்த்தாள். அவளும் ஒரு காலத்தில் பெட்டியோடு இந்த ஊருக்கு வந்து இறங்கியவள்தான். அவளுக்கு யார் மேடையை இறக்கிக் கட்டிக் கொடுத்தார்கள்?

மேடையும் சன்னலும் வாழையும் ஒரே காலையில் போயின. நிறைமதி பக்கத்தில் நின்று பார்த்தாள். பட்டையில்லாத அவள் மணிக்கட்டு நடுங்கியதை யாரும் கவனிக்கவில்லை. பரிதி தன் அம்மாவைத் தேற்றிக்கொண்டிருந்தான்.

பெருவழி திறக்கப்பட்டது. சுங்கச் சாவடிகள்தோறும் 'யாரையும் நோகடிக்காத சாலை' என்று பெரிய எழுத்தில் பலகை வைத்தார்கள். இடம்பெயர்ந்தவர்களுக்குச் சாலையோரத்திலேயே வரிசை வீடுகள் கட்டித் தந்தார்கள். கீர்த்தனா பெயரில் ஒரு வீடு வந்தது. பிறந்த வீடு அண்ணனுக்கு, புகுந்த வீடு மாமனாருக்கு என்றே காலம் போனவளுக்கு, அறுபது தாண்டி முதன்முதலாகத் தன் பெயர் எழுதிய கதவு. தினமும் இரண்டு முறை துடைத்தாள்.

அப்புறம் அதிவேக ரயில் வந்தது. சாலைத் துறையில் கற்றதை ரயில் துறை மறக்கவில்லை. ஆடியில் எடுத்தால் அளவுகள் தாழ்ந்தே வருகின்றன, தகராறும் இல்லை என்று கண்டு, அவர்களும் ஆடியிலேயே நாள் குறித்தார்கள்.

இம்முறை ஊர் ஏமாறவில்லை. ஒரு மருமகளையும் பேருந்து நிறுத்தம் பக்கம் விடவில்லை. அப்பா அழைக்க வந்த பெண்களை வாசலிலேயே மறித்தார்கள். கீர்த்தனா கொத்தனாரை வரவழைத்துச் சமையல் மேடையை அரை அடி இறக்கினாள். "மேக்கால சன்னல் வேணுமா கண்ணு? சொல்லு, வச்சர்லாம்." நிறைமதியின் கன்னத்தைத் தொட்டு, "நீ எங்கீம் போவக்கூடாது அம்மணி. இது உன்ற வூடு" என்றாள்.

"சரிங்க அத்தை" என்றாள் நிறைமதி.

அளவெடுப்பு நாளில் முதலில் கீர்த்தனா. கண்ணாடிக்குள் தன் பெயர் எழுதிய கதவு விழுந்ததும் அவள் போட்ட அலறல் அடுத்த வீதி வரை கேட்டது. திரையில் அளவு உச்சிக்கு ஏறி நின்றது. மாமியார்கள் எல்லாருக்கும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. ஊர் தப்பிவிட்டதென்று பரிதி சிரித்துக்கொண்டே மனைவிக்குப் பட்டையைக் கட்டினான்.

நிறைமதியின் கண்முன் கூரை சரிந்தது. இறக்கிக் கட்டிய மேடை உடைந்தது. புதுச் சன்னல் தூளானது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பழிவாங்கும் எண்ணம் அவளுக்கு அணுவளவும் இல்லை. போன தடவை போலவே இப்போதும் பதறு, பதறு என்று கெஞ்சித்தான் பார்த்தாள்.

திரையில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

அளக்க வந்தவன் பட்டையைக் கழற்றி மறுபடி கட்டினான். "கருவி சரியாத்தான் இருக்குதுங்க" என்றான், மன்னிப்புக் கேட்பதுபோல. "இந்த வரிசையில மருமகள்கள் எல்லாருக்குமே இப்படித்தான் வருது."

ஐப்பசியில் ரயில் தடம் வெளியானது. கோடு குடியிருப்பின் நடுவே ஓடியது.

கீர்த்தனா கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மணி, உனக்கு ஒரு துளிகூடவா வலிக்கல?"

"வலிச்சதுங்க அத்தை" என்றாள் நிறைமதி. "அந்த வூட்டுக்கு வலிச்சது. அப்ப என்னைய யாரும் அளக்கலீங்க."

சொல்லிவிட்டு, மாமியாரின் புடவைகளை மடித்துக் கட்ட உள்ளே போனாள். அவளுடைய பெட்டி கட்டியேதான் இருந்தது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அதை அவள் முழுதாகப் பிரித்ததேயில்லை.