புழுதிக்கு இறங்காத மயிலை

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நல்லசிவம் வழக்கம்போல் தன் லாரியிடம் அனுமதி கேட்டார்.

"மயிலை, மூடியைத் தொறக்கட்டுமா?"

"தொறங்கண்ணா. கையைத் தொடச்சுட்டீங்களா?"

"தொடச்சுட்டன்டா சாமி."

செவ்வாய்க் கிரகத்தில் இருபது டன்னுக்கு மேல் இழுக்கும் எந்த வண்டியையும் அதன் சம்மதம் இல்லாமல் திறக்கக் கூடாது. அது சட்டம். மனிதர்கள் இங்கே குடியேறிய முதல் முப்பது வருடத்தில், அளவுக்கு மேல் பாரம் ஏற்றிப் பாதி வழியில் அச்சு முறிந்து, மூச்சுக்காற்று தீர்ந்து செத்த ஓட்டுநர்கள் நூற்றுக்கும் மேல். முதலாளி போ என்றால் ஓட்டுநர் போய்த்தான் ஆக வேண்டும், அவனுக்கு வயிறு இருக்கிறது. வயிறில்லாத வண்டியே முடியாது என்று சொல்லட்டுமே என்று எவனோ ஒரு புண்ணியவான் யோசித்தான். அதிலிருந்து ஒவ்வொரு பெரிய வண்டிக்கும் 'படிப்பான்' என்ற மூளைப்பெட்டி வைத்தார்கள். பக்கத்தில் இருப்பவர்களின் பேச்சையும் முகத்தையும் பார்த்துப் பார்த்து அது தானாகவே படித்துக்கொள்ளும். ஒரு பாதை தனக்கு ஆகாது என்று பட்டால் வரமாட்டேன் என்று சொல்லிவிடும். அதற்குப் பெயர் மறுப்புரிமை. அதற்கு மேல் கோர்ட்டும் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.

நல்லசிவம் மூடியைத் தூக்கினார். உள்ளே விளக்குகள் தாமாக எரிந்தன.

அடுத்தவன் லாரிக்கு அடியில் மல்லாக்கப் படுத்தே அவருடைய பாதி ஆயுள் போயிருந்தது. முகத்தில் எண்ணெய் சொட்டும், முதுகில் கல் குத்தும், மேலே நின்றுகொண்டு ஒருவன் இன்னுமா முடியவில்லை என்று கத்துவான். ஐம்பத்திரண்டாவது வயதில் வாங்கிய மயிலைதான் அவருடைய முதல் சொந்த வண்டி. மீத்தேனையும் ஆக்சிஜனையும் தனித்தனித் தொட்டியில் சுமந்து எரிக்கும் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின். வாங்கும்போது கறுப்பு ரப்பர் குழாய்களும் தாறுமாறான ஒயர்களுமாக, அடைமழையில் சாய்ந்த பந்தல் மாதிரி கிடந்தது.

ஆறு வாரமாக வீட்டோடு சேர்ந்த கொட்டகையிலேயே நிறுத்தி அதைப் பிரித்து மேய்ந்திருந்தார். ரப்பர் குழாய்களைக் கழற்றிப் போட்டுவிட்டுச் செப்புக் குழாய் பூட்டினார். வளைக்கும்போது நசுங்காமல் இருக்க உள்ளே மணலை நிரப்பி, சூடு காட்டி, முழங்காலில் வைத்துக் கையாலேயே வளைத்தார். ஒயர்களை வரிசைப்படுத்தி மஞ்சள் உறை போட்டார். எஞ்சின் தலைமூடிக்கு மெரூன் பெயின்ட் நாலு கை. போல்ட் தலைகள் அத்தனையும் ஒரே திசையைப் பார்த்தன. அவருடைய விரல் முட்டிகளில் தோலே இல்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவ இங்கே வழியில்லாததால், இண்டு இடுக்கையெல்லாம் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டி, பழைய பனியன் துணியால் துடைத்துத் துடைத்தே பளபளப்பு ஏற்றினார். சிறு கீறல் விழுந்தாலும் "அய்யோ" என்று வாய்விட்டுக் கத்துவார். பூதிமலைக் குமிழியின் நாற்பது வீட்டுக்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கண்ணாடிக் குமிழிக்குள் அடைபட்ட ஊருக்கு வேறென்ன வேடிக்கை இருக்கிறது?

பிரஷ்ஷை எடுத்து இரண்டு தேய்ப்புத் தேய்த்திருப்பார், சுவரில் இருந்த பேசி அலறியது.

"மாமா, நாந்தான் பெரியண்ணன்."

மனைவியின் தம்பி. அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, பாறைக்குழி என்ற சின்னக் குமிழியில் இருப்பவன்.

"என்ன மாப்ள, விடிஞ்சதும் விடியாததுமா? சீட்டாட்டத்துல தோத்துட்டு அக்காகிட்டச் சிபாரிசுக்கு வந்தியா?"

"வெளையாடாதீங்க மாமா. நெலத்தடிப் பனியை எடுக்கற துளைக்குழாய் முறிஞ்சு போச்சு. புதுக்குழாய் வர ஒரு மாசம் ஆகுமாம். இருக்கற தண்ணியையே திருப்பித் திருப்பிச் சுத்தம் பண்ணிக் குடிக்கறோம். மூணு நாளைக்குத் தாங்கும். அதுக்கு மேல குடிக்கறதுக்கும் இல்ல, மூச்சுக்காத்து பிரிக்கறதுக்கும் இல்ல. முப்பது குடும்பம் இருக்குது மாமா."

நல்லசிவத்தின் கையிலிருந்த பிரஷ் அசையாமல் நின்றது. குமிழியின் மற்ற மூன்று லாரிகளும் துருவப் பாதையில் இருந்தன. திரும்பி வரப் பத்து நாள் ஆகும்.

"பனிக்கட்டி ஏத்திக்கிட்டு இன்னிக்கே கெளம்பறேன். தைரியமா இரு."

கிடங்கு ஆட்கள் ஒரு மணி நேரத்தில் இழுவைப் பெட்டியில் பனிக்கட்டியை அடுக்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். நல்லசிவம் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"கெளம்புடா மயிலை."

"அண்ணா, வலது பக்கத்து அச்சுல லேசாச் சூடு தெரியுதுங்க."

இறங்கித் தொட்டுப் பார்த்தார். செத்த பாம்பு மாதிரி சில்லென்று இருந்தது.

"அப்ப மூணாவது டயர்ல காத்துக் கொறச்சலுங்க."

அளந்து பார்த்தார். சரியாக இருந்தது.

"நாளைக்குப் போலாமுங்களாண்ணா? இன்னிக்கு என்னமோ மனசே சரியில்லீங்க."

பிடிக்காத உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு மனைவி கூப்பிடும்போது தான் இழுக்கிற அதே இழுப்பு என்று நல்லசிவத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

"சாக்குச் சொல்லாத. உள்ளதச் சொல்லு."

மயிலையின் முன்விளக்குகள் ஒரு தடவை அணைந்து எரிந்தன. பிறகு சொன்னது: "செம்மண் ஓடை வழியாப் போகோணுமுங்க. பாதி வழி, முந்நூறு கிலோமீட்டரும் முழங்கால் புழுதி. செப்புக் குழாயெல்லாம் என்னாகறதுங்க? மெரூன் பெயின்ட்டு என்னாகறதுங்க? போன வாரம் ஒரே ஒரு கீறலுக்கு ரெண்டு நாள் நீங்க சோறு திங்கலயேண்ணா. நா வரலீங்க. மறுப்புரிமை."

நல்லசிவம் கத்தினார். கெஞ்சினார். ஸ்டீயரிங்கை ஓங்கிக் குத்திவிட்டு, உடனே தடவியும் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. சத்தம் கேட்டு அவர் மனைவி தெய்வாத்தாள் கரண்டியோடு கொட்டகைக்குள் வந்தாள்.

"ஆறு வாரமாச் சீவிச் சிங்காரிச்சீங்கல்ல? இப்ப மணவறைப் பொண்ணாட்டம் உக்காந்துக்குச்சு. தூக்கிட்டுப் போங்க."

"நீ வேற எரியறதுல எண்ணெய ஊத்தாத."

"அங்க இருக்கறது என்ற தம்பிங்க." கரண்டியை லாரியை நோக்கி நீட்டினாள். "அவனுக்குப் பொறகுதான் உங்க செப்பு, பித்தளை எல்லாம்."

அவர் வண்டி செய்த கம்பெனியைக் கூப்பிட்டார். உதவிக்கு வந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மயிலையின் படிப்பானைத் தூரத்திலிருந்தே திறந்து பார்த்தாள்.

"பழுது எதுவும் இல்லை சார். ரொம்ப நல்லாப் படிச்சிருக்கு."

"என்னத்தைம்மா படிச்சுது?"

"பொருள்களை வகை பிரிச்சு வச்சிருக்கு. 'பொழங்கறது'ன்னு ஒரு வகை, 'நல்லது, எடுத்து வைக்கறது'ன்னு ஒரு வகை. உங்க கூடத்துல இருக்கிற படத்திரை, அதுமேல ஒட்டின காகிதத்தோட ரெண்டாவதுல இருக்கு. பிளாஸ்டிக் உறை போட்ட சோபா இருக்கு. அலமாரியில பன்னிரண்டு தட்டு, குமிழிக்கு வெளிய போகப் போடற புது உடுப்பு ஒண்ணு… எல்லாம் கொட்டகைக் கண்ணாடி வழியாப் பார்த்திருக்கு. போன வாரம் தன்னையும் அந்த வகையில சேர்த்துக்கிட்டிருக்கு."

"அழிச்சுப்போட்டுப் புதுசாப் படிக்க வையுங்க."

"ஒன்பது நாள் ஆகும் சார்."

பேசியை வைத்தார். தெய்வாத்தாள் கண்ணாடி வழியாகக் கூடத்துச் சோபாவைப் பார்த்தாள். வாங்கிய நாளிலிருந்து அவர்கள் இருவரும் அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள்.

நல்லசிவம் காற்றடைப்பு அறைக்குப் போனார். வெளியே போய்வருபவர்களின் உடுப்பிலிருந்து உதறிய செம்புழுதி ஒரு வாளி நிறைய அங்கே இருந்தது. தூக்கி வந்தார். எஞ்சின் மூடியைத் திறக்கச் சொன்னார். அப்படியே கவிழ்த்தார். செப்பின் மேலும் மெரூனின் மேலும் புழுதி மாவு போலப் படிந்தது.

"பாத்தியா? அழுக்காப் போச்சு. என்ன இப்ப? ஒண்ணும் ஆகல. வா போலாம்."

"அண்ணா, உங்க கண்ணுல தண்ணி வருதுங்க."

"புழுதிடா."

"நெஞ்சு நிமிசத்துக்கு நூத்திப் பத்துத் தடவை அடிக்குதுங்க. நீங்க மனசில்லாமச் செய்யறீங்க." மயிலையின் குரலில் கேலி இல்லை, நிஜமான குழப்பம்தான் இருந்தது. "ஒண்ணு கேக்கறன். பதினேழு ஒட்டுப் போட்ட பழைய உடுப்போட என்னோட வெளிய வாறீங்க. அது கிழிஞ்சா உசிரு போயிரும். பதினொரு வருசமாப் புது உடுப்பு அலமாரில கெடக்குது. உங்க உசிரை விட உடுப்பு பெருசுன்னா, உங்க சோலியை விட நான் பெருசுதானுங்களே? அதைப் போட்டுட்டு வாங்கண்ணா. நானும் வாறேன்."

தெய்வாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கலந்திருந்தது. "நாயத்தைத்தான கேக்குது? போய் எடுத்துட்டு வாங்க."

அவரே எடுத்து வந்தார். மகள் கல்யாணத்துக்குப் போடலாம் என்று வைத்தது. மகள் கல்யாணத்தில், கூட்டத்தில் எவனாவது சாம்பாரைக் கொட்டிவிடுவான் என்று போடவில்லை. பேத்தி பிறந்தபோது போகலாம் என்று வைத்தார், அப்போதும் பழையதோடுதான் போனார். உறையைக் கிழித்தார். வெள்ளைத் துணி பளீரென்று இருந்தது. கையை உள்ளே விட்டு முழங்கை வளையத்தை மடக்கினார்.

அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது.

வளையத்தின் ரப்பர் துண்டு துண்டாகத் தரையில் விழுந்தது. கழுத்து வளையத்தைத் தொட்டார். அதுவும் உதிர்ந்தது. இடுப்பு, கணுக்கால், எல்லாம். அதைப் போட்டுக்கொண்டு பூமியில் வேண்டுமானால் காற்று வாங்கப் போகலாம், அவ்வளவுதான் இனி அந்த உடுப்புக்கு வேலை. நல்லசிவம் ரப்பர்த் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"யாருங்கண்ணா இப்படிப் பண்ணுனது?" என்றது மயிலை.

"யாரும் பண்ணல."

"பின்னே?"

"மடக்கி நீட்டிப் பொழங்கியிருந்தா நல்லாருந்திருக்கும். சும்மா கெடந்து செத்துப்போச்சு."

எஞ்சின் மூடி தானாக மூடிக்கொண்டது. பன்னிரண்டு சிலிண்டரும் ஒரே சமயத்தில் உறுமின.

"பழைய உடுப்பையே போட்டுட்டு ஏறுங்கண்ணா," என்றது மயிலை. "சீக்கிரம் ஏறுங்க."

செம்மண் ஓடை, படித்த கதைகளில் வருகிற நரகத்தைவிடக் கொஞ்சம் மோசம். சக்கரம் பாதி புதையும். முன்னே எது பாதை, எது பள்ளம் என்று தெரியாது. இரண்டு இடத்தில் நல்லசிவம் இறங்கி மண்வாரியால் அள்ளிப் போட்டார், முதுகு இற்றுப்போயிற்று. மயிலை ஒரு தடவைகூட முனகவில்லை. நடுவழியில் "அண்ணா, உள்ளெல்லாம் புழுதி. நல்லாத்தான் இருக்குது. கிச்சுகிச்சு மூட்டற மாதிரி" என்றது. அவர் சிரித்தார். வண்டி வாங்கிய நாளிலிருந்து அதன் எஞ்சின் இவ்வளவு திமிராக ஓடி அவர் கேட்டதில்லை. இருபத்தோரு மணி நேரத்தில் பாறைக்குழி வந்துவிட்டது.

முப்பது குடும்பமும் வாசலுக்கு வந்தது. பனிக்கட்டி உருகித் தொட்டிக்குள் விழுகிற சத்தத்தைக் கேட்டுப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பெரியண்ணன் அக்காள் புருஷனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நல்லசிவத்தின் கழுத்தில் தொங்கிய சிறு கேமரா வழியாக மயிலை வெளியே நின்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் உட்கார வைத்து, பெரியண்ணன் மனைவி வேலாத்தாள் ஒரு டம்ளரில் புதுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு மிடறு குடித்ததும் நல்லசிவத்துக்கு உடம்பு வலி பாதி இறங்கியது. நிமிர்ந்து பார்த்தபோது எதிரே அவர்களுடைய ஆறு வயது மகள் மல்லிகா ஒரு குப்பியைச் சாய்த்துக் குடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் லேசாகப் பழுப்பாக இருந்தது. மருந்து வாடை இங்கே வரை அடித்தது.

"ஏம்மா, பாப்பாவுக்கு எதுக்கு அந்தத் தண்ணி?"

"பழசு இன்னும் ரெண்டு நாளைக்கு இருக்குதுங்கண்ணா. அது தீரட்டும் மொதல்ல."

"தொட்டில ரெண்டு நாள் கெடந்தா இந்தத் தண்ணிக்கும் அதே வாடை வந்துருமே?"

"வந்தா வரட்டுமுங்க," என்றான் பெரியண்ணன். "அதுக்குன்னு இத்தன நல்ல தண்ணியப் போய் இன்னிக்கே குடிக்கறதுங்களா மாமா?"

நல்லசிவம் தன் டம்ளரைக் குழந்தையிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. முதலில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அப்பாவின் முகத்தை. இரண்டையும் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அவர் காதில் மாட்டியிருந்த பேசி வழியாக மயிலை மெதுவாகக் கேட்டது:

"அண்ணா, இந்தப் பாப்பாவுக்கும் படிப்பான் வெச்சிருக்காங்களா?"