காயாத வெள்ளைப் பூ

அந்த ஒரு பூ மட்டும் காயவில்லை.

நமுனுகுல மலையிலிருந்து கொண்டுவந்த மற்றப் பூக்களெல்லாம் சருகாகிவிட்டன. சிவந்த மகாரத்மல் கறுத்துப்போனது. ஊதா நிறப் பினரப் பூ தாளோடு தாளாக ஒட்டிக்கொண்டது. உச்சிப் பாறை இடுக்கில் பறித்த வெள்ளைப் பூவோ, அன்று இருந்ததுபோலவே ஈரமாகக் கிடந்தது.

ஸவாஹிரா பதுளையில் விஞ்ஞான ஆசிரியை. செடி உலரும் விதத்தைப் பிள்ளைகளுக்கு அலுக்காமல் விளக்குவாள். வேர் அறுந்தால் தண்ணீர் வரத்து நின்றுவிடும். உள்ளே மிஞ்சியதை ஒற்றுத்தாள் உறிஞ்சிக்கொள்ளும். மேலே பாரம் வைத்தால் இதழ் சுருங்காது. அவ்வளவுதான். கட்டிலருகே மேசையில் தாள்களை அடுக்கி, கணவன் பலீலின் கடையிலிருந்து எடைக்கற்களைக் கொண்டுவந்து ஏற்றியிருந்தாள்.

"படிக்கல்லயெல்லாம் நீ வெச்சிக்கிட்டா, நான் சீனிய எதால நிறுக்கிற?" என்று பலீல் முணுமுணுத்தான்.

மலையேறி வந்ததிலிருந்து அவளுக்குத் தீராத அலுப்பு. உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. வளையல்கள் மணிக்கட்டில் நிற்கவில்லை. விடியலில் எழும்போதெல்லாம் முகத்தில் சிலந்தி நூல்போல ஏதோ ஒட்டியிருக்கும், துடைத்துவிடுவாள். டாக்டர் வெறும் களைப்பு என்றார்.

"குடம் காலியா ஈக்கே. எல்லாம் நீயா குடிச்ச?" என்றான் பலீல்.

"தாகம் அடங்குதில்ல."

"மலைக்கிப் போய் நீ பூவப் பறிச்சியா, பூ உன்னப் பறிச்சிச்சா?"

சிரித்தாள். உதடு வெடித்தது. இரத்தம் வரவில்லை. பலீலின் சிரிப்பு நின்றது. "நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்கிப் போற. இப்பிடியே உட்டா நீ மிஞ்சமாட்ட" என்று சொல்லிவிட்டு, குடத்தை நிரப்பி வைத்து மஃரிப் தொழப் போனான்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஓட்டு இடுக்கால் மூடுபனியின் பச்சை வாசனை இறங்கியது. விளக்கைத் தூண்டிவிட்டு, எடைக்கற்களை ஒவ்வொன்றாக இறக்கி, கைவில்லையால் அந்தப் பூவைப் பார்த்தாள். பெயர் கண்டுபிடிக்க மூன்றைப் பார்க்கவேண்டும். இதழ், ஐந்து. இலை, எதிரெதிர். வேர்?

வேர் இல்லை. அன்று மலை இறங்கும்போது பாறையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தன. வேறு வழியில்லாமல் தண்டைப் பல்லில் கடித்துக்கொண்டாள். வாயில் மண் கசந்தது. முடிபோல ஏதோ தொண்டையில் உரசி இறங்கியது. கீழே வந்து பார்த்தபோது வேர் இருக்கவில்லை. பாறையிலே அறுந்துபோனதாக நினைத்தாள்.

ஒரு சத்தம். மிக மெல்லியது. ஈரத்தை உறிஞ்சும் சத்தம்.

தண்டைப் புரட்டினாள். அறுந்த முனையில் ஒரு வெள்ளை நூல். தையல் நூலைவிட மெல்லியது. விரலால் தொடர்ந்தாள். தாளின் மேல் போனது. மேசை விளிம்பில் இறங்கியது. அவள் மடி. மார்பு. கழுத்து.

உதடு.

இழுத்துப் பார்த்தாள். அடிவயிற்றில் ஏதோ இறுகியது.

 சோதித்துப் பார்க்காமல் அவள் எதையும் நம்பியதில்லை. குவளையில் தண்ணீர் எடுத்தாள். ஒரு மடக்கு விழுங்கினாள். காத்திருந்தாள்.

நூலுக்குள் ஒரு துளி. உதட்டிலிருந்து கழுத்து. மார்பு. மடி. மேசை. தண்டு.

வெள்ளை இதழ்கள் ஐந்தும் மெதுவாக நிமிர்ந்து அவள் பக்கம் திரும்பின.

வேர் அறுபடவில்லை. அது அவளுக்குள் இருந்தது.